முப்பத்திரண்டு டோக்கனும் நாலு கூறும்

கம்ப்யூட்டருக்கு ஆட்டுக்கறிக் கணக்கில் பங்கு பிரித்துக் கொடுத்தவன் நான். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கல்யாண வீடுகளில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போது நானே இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்வதுண்டு. ஆனால் பாதி வரைக்கும்தான். அதற்குள் இலை போட்டுவிடுவார்கள். போடாவிட்டாலும் நான் அதோடு நிறுத்திக்கொள்வேன்.

எண்பதுகளின் நடுவில் மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் நான் சின்ன கிராணி, அதாவது குமாஸ்தா. சுற்றியிருந்த நாலு தோட்டங்களுக்கும் பாமாயில் மில்லுக்கும் சேர்த்து அங்கேதான் எல்லாப் பதிவும். ஒருநாள் லோரியில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றார் தோட்டத்துத் துரை. ஆபீசில் மற்ற எல்லோருக்கும் பிள்ளைகுட்டி, முதுகுவலி, இரத்தக் கொதிப்பு என்று ஏதோ ஒரு காரணம் இருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. கோலாலம்பூருக்கு அனுப்பி மூன்று வாரம் படிக்க வைத்தார்கள். முதல் வாரம் எதையெல்லாம் தொடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டாவது வாரம் எதைத் தொடலாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் எனக்குக் காய்ச்சல்.

திரும்பி வந்ததும் ஏர்கோன் அறை எனக்கென்று ஆனது. உள்ளே குளிரும் என்பதால் ஸ்வெட்டர் வாங்கினேன். அறைக்குள் போட்டால் போதும்தான். ஆனால் அதைப் போட்டுக்கொண்டே மத்தியான வெயிலில் மோட்டார் சைக்கிளில் கடைத்தெருவுக்குப் போவேன். கம்ப்யூட்டர்காரன் என்று ஊருக்கு வேறு எப்படித் தெரியும்?

அறைக்குள் நாலு டிஸ்க். இன்று சட்டைப் பைக்குள் போய்விடுவது அன்று துணி துவைக்கும் மிஷின் அளவுக்கு நின்றது. சத்தமும் அதே சத்தம்தான். முதல் டிஸ்கில் செம்பனைப் பழத்தின் எடைச் சீட்டுகள்: மில்லுக்கு வரும் ஒவ்வொரு லோரிக்கும் எந்தத் தோட்டம், எத்தனை குலை, எவ்வளவு எடை என்ற பதிவு. இரண்டாவதில் ஸ்டோர் சாமான். மூன்றாவதில் பெரிய கிராணி தலைமை ஆபீசுக்கு எடுத்து அனுப்பும் அறிக்கைகள். நாலாவதில் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நடுவதற்கு முந்தைய காலத்துப் பதிவுகள். கம்ப்யூட்டர் வந்த புதிதில் ஆசை ஆசையாக ஏற்றி வைத்தோம். பிறகு யாரும் திறக்கவில்லை.

ஒரு டிஸ்கில் எதையாவது எழுதவோ படிக்கவோ வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் அதற்கு முதலில் ஒரு டோக்கன் கொடுக்கும். கிளினிக்கில் நம்பர் அட்டை கொடுப்பதுபோல. வேலை முடிந்ததும் அட்டை திரும்பி வந்துவிடும், அடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம். நாலு டிஸ்குக்கும் சேர்த்து மொத்தம் முப்பத்திரண்டு டோக்கன். கிடைக்காத வேலைகள் அந்தந்த டிஸ்கின் முன்னால் வரிசையில் நிற்கும்.

ஆரம்பத்தில் யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு டோக்கன். பெரிய கிராணி அறிக்கைக்குப் பொத்தானை அழுத்தினால் போதும், மூன்றாவது டிஸ்க் முப்பத்திரண்டையும் வாரி எடுத்துக்கொள்ளும். டைப் அடிக்கும் பெண்கள் விரலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஸ்டோர் பதிவு செய்துவந்த அக்கா ஒருநாள் என் அறைக் கதவைத் தட்டினார்.

"தம்பி, உள்ள என்னா தூக்கமா? இங்க ஸ்கிரீனு செத்துப் போயி அரை மணி நேரம் ஆவுது. நான் ஒரு ஸ்வெட்டரே பின்னிடலாம்லா."

விஷயம் பெரிய கிராணியிடம் போனது. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அவருடைய அப்பாவும் தோட்டத்துக் கிராணி. பென்சிலைக்கூட இருபக்கமும் சமமாகச் சீவுகிறவர். என்னைக் கூப்பிட்டார்.

"என்ர அறிக்கையாலை மற்றவைக்குக் கரைச்சல் வரக்கூடாது காணும். நீர் எல்லாருக்கும் நியாயமாப் பிரிச்சு விடும்."

நியாயமாகப் பிரிப்பது எனக்குத் தெரிந்த வேலைதான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் தீபாவளிக்கு எட்டு வீடு சேர்ந்து ஓர் ஆடு வாங்குவோம். வெட்டிக் கூறு போடுவது என் அப்பா. வாழை இலையில் எட்டுக் கூறு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஈரல், கொஞ்சம் எலும்பு, கொஞ்சம் கொழுப்பு. ஒரு வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருந்தாலும் அவர்கள் கூறை யாரும் தொடக்கூடாது. ஈ மொய்த்தாலும் அது அவர்களுடையது. கூறு போட்டவர் கடைசியில்தான் எடுக்க வேண்டும். அப்போதுதான் கை ஒரு பக்கம் சாயாமல் சமமாகப் போடுவார்.

அதே மாதிரி போட்டேன். முப்பத்திரண்டை நாலால் வகுத்தால் எட்டு. ஆளுக்கு எட்டு, அதற்கு மேல் எவனும் எடுக்க முடியாது. ரப்பர் டிஸ்குக்கும் எட்டு. ஊருக்குப் போன வீட்டுக்காரன் கூறு. அதைப் போடும்போது எனக்கு ஒரு பெருமிதம்கூட இருந்தது. ஆளில்லாவிட்டாலும் பங்கு உண்டு என்று! கடைசியில் எடுக்க வேண்டும் என்ற விதியைப் பற்றி மட்டும் நான் யோசிக்கவில்லை. கூறு போட்டவன் வேலை எந்த டிஸ்கிலும் இல்லையே.

மறுநாளே பெரிய கிராணியின் அறிக்கை ஓடியது, ஸ்டோர் அக்காவும் டைப் அடித்தார். "நீர் செய்ததுதான் நியாயம் காணும்" என்று பெரிய கிராணி ஆபீஸ் நடுவில் வைத்துச் சொன்னார். நான் ஸ்வெட்டரைக் கழற்றாமல் வீட்டுக்குப் போனேன்.

கல்யாண வீட்டுக் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும்.

இரண்டு மாதம் கழித்து எடைச் சீட்டுப் பதிவுக்கு ஒரு பெண் வந்தாள். பக்கத்துத் தோட்டத்துப் பெண். டவுனில் டைப்ரைட்டிங் படித்தவள். விரல் போகும் வேகத்தைப் பார்த்து ஸ்டோர் அக்காவே வாயைப் பிளந்தார். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று பேச்சு. அவள் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், பிறகு செம்பனைக் குலை வெட்டியவர். இடுப்பு போய் வேலையை விட்டிருந்தார். வேலையில் இல்லாதவருக்கு லயத்தில் வீடு இல்லை. மகளுக்கு நிரந்தரமானால் வீடு அவள் பெயருக்கு மாறும், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும் என்று துரை சொல்லியிருந்தார். இது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

முதல் மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு பழ சீசன் வந்தது. லோரிகள் மில் வாசலில் வரிசை கட்டின. எடை மேடையில் புதிதாக இரண்டு டெர்மினல் வைத்து அதே முதல் டிஸ்கில் இணைத்தார்கள். ஒரு சீட்டைப் பதிந்தால் டிஸ்கில் ஏழெட்டு இடத்தில் எழுத வேண்டும். மில்காரர்களும் இவளும் சேர்ந்து அந்த எட்டு டோக்கனுக்கு முட்டி மோதினார்கள். இவள் ஒரு வரியை அடித்துவிட்டு அடுத்த வரிக்காக ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருப்பாள். மேஜையில் பதியாத எடைச் சீட்டுகள் உயர்ந்துகொண்டே போயின.

மணிக்கு எத்தனை சீட்டு என்று கம்ப்யூட்டரே எண்ணும். வெள்ளிக்கிழமை பெரிய கிராணி அந்தப் பட்டியலைப் பலகையில் ஒட்டுவார். அறுபது இருக்க வேண்டும். அவள் நாற்பதைத் தாண்டவில்லை.

ஒருநாள் அவள் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, மிஷினு ரொம்ப மெதுவா இருக்கு. கொஞ்சம் பாக்குறீங்களா?"

"உன்னைப் பாத்து அதுக்கு வெக்கமா இருக்கும், தங்கச்சி" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"வெளையாடாதீங்க அண்ணே. நெசமாத்தான் சொல்றேன்."

"அட, ஒனக்கு எட்டு, ஸ்டோருக்கு எட்டு, பெரிய கிராணிக்கே எட்டுதான். அவரே வாயத் தொறக்கல. ஒனக்கு மட்டும் என்னா கொறை?"

அவள் சீட்டுகள் குவிந்த மேஜைக்குத் திரும்பிப் போனாள். அன்று நான் ஸ்கிரீனைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பார்த்தது அதற்கும் இரண்டு வாரம் கழித்து. அதுவும் அவளுக்காக இல்லை. என் பங்கீட்டைப் பற்றிப் பெரிய கிராணி தலைமை ஆபீசில் சொல்லி, மற்ற தோட்ட ஆபீசுகளுக்கும் அனுப்ப ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தார். அடியில் என் பெயர் வரும். அலங்காரத்துக்கு நாலு எண் சேர்க்கலாம் என்று ஒரு பகல்வேளையில், லோரிகள் நெரியும் நேரத்தில், எந்த டிஸ்க் எத்தனை டோக்கன் பிடித்திருக்கிறது என்று பார்த்தேன்.

முதல் டிஸ்க்: எட்டு. வரிசையில் நிற்பது இருபத்து மூன்று. ஸ்டோர் டிஸ்க்: ஒன்று. அறிக்கை டிஸ்க்: பூஜ்யம். ரப்பர் டிஸ்க்: பூஜ்யம்.

இருபத்து மூன்று டோக்கன் யாருக்கும் இல்லாமல் சும்மா கிடந்தது. வரிசையிலும் சரியாக இருபத்து மூன்று பேர் நிற்கிறார்கள். கடவுள் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிடச் சுலபமாக எழுதியிருக்க முடியாது.

கறிக்கும் டோக்கனுக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் மண்டையில் ஏறியது. ஊருக்குப் போனவன் கறியை நாம் தின்றுவிட்டால் போனதுதான், அவன் வந்து கேட்டால் வயிற்றைக் கிழித்தா கொடுக்க முடியும்? டோக்கன் அப்படி இல்லை. கண் சிமிட்டும் நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடும். ரப்பர் டிஸ்க் கேட்காத வரைக்கும் அதன் எட்டையும் இவளுக்கு விட்டுவிடலாம். கேட்டால் அடுத்த நொடியே கொடுக்கலாம். யாரும் ஒரேயடியாக வாரிக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொரு டிஸ்குக்கும் இரண்டை மட்டும் ஒதுக்கி வைத்தால் போதும். நான் ஊரில் இல்லாதவன் பங்குக்குக் காவல் இருந்தேன். ஊரில் இருந்தவளைப் பட்டினி போட்டேன்.

மாற்றுவதற்கு மிஷினை அரைமணி நேரம் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் நீலப் புத்தகத்தில் எழுத வேண்டும். என்ன செய்தது, ஏன் செய்தது. 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். பெரிய கிராணி அதில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தேன். 'முன்பு செய்தது தவறு' என்று எழுதினால் நாலு வார்த்தைகூட இல்லை. சின்னக் கட்டத்திலேயே அடங்கிவிடும். ஆனால் என் பங்கீட்டின் பெருமையைச் சொல்லும் பக்கம் மேஜையில் பாதி டைப் ஆகிக் கிடந்தது.

அடுத்த வாரம் செய்யலாம் என்று வைத்தேன். சீசன் முடிந்தால் தானாகச் சரியாகிவிடும் என்றும் வைத்தேன். அந்தப் பக்கத்துக்கு எண் வேண்டியிருந்ததால், லோரியே வராத ஞாயிறு காலையில் எடுத்த எண்களைப் போட்டு அனுப்பினேன். எந்த டிஸ்கிலும் வரிசை இல்லை, அமைதி. அதில் ஒரு பொய்கூட இல்லை.

ஆறு மாதம் முடிந்த அன்று பெரிய கிராணி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. மேஜைமேல் ஆறு மாதப் பட்டியல்கள்.

"இந்தப் பிள்ளை மிஷின்தான் பிழை எண்டு சொல்லுறா. உம்மட வாயாலை சொல்லும். மிஷினிலை ஏதும் கோளாறு இருக்கோ?"

அவள் என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் தெரிந்திருக்கக் கூடிய ஆள் நான்தான் என்று தெரியும்.

"மிஷின்ல கோளாறு இல்லைங்க சார்" என்றேன். "எல்லாருக்கும் ஒரே அளவுதான் போவுது."

"நல்லாப் பாத்தனீரோ?"

"பாத்தேன் சார்."

இன்றைக்கு வரைக்கும் என்னை விடாத விஷயம் இதுதான்: நான் சொன்னதில் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. மிஷினில் கோளாறு இல்லை. ஒரே அளவுதான். பார்த்தேன்தான். ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால் அதைக் கட்டிக்கொண்டு அழலாம்.

பெரிய கிராணி கெட்டவர் இல்லை. நான் நீலப் புத்தகத்தின் அந்தக் கட்டத்தில் எழுதியிருந்தால் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டு அவளை இன்னும் ஒரு மாதம் பார்த்திருப்பார். சாட்சி சொல்ல ஆள் இல்லாததால் பட்டியலைப் பார்த்தார். அவளுக்கு அந்த மாதத்தோடு வேலை இல்லை என்றானது.

அவள் வேலையை விட்டுப் போன வாரம்தான் நான் மிஷினை நிறுத்தி டோக்கன்களை மாற்றினேன். ஏன் அந்த வாரம் என்று கேட்காதீர்கள். அதற்குமேல் மறைக்க எதுவும் மிச்சமில்லை என்பதால் தைரியம் வந்திருக்கும். 'காரணம்' கட்டத்தில் 'வழக்கமான பராமரிப்பு' என்று எழுதினேன். பெரிய கிராணி படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார்.

அவள் இடத்துக்கு வேறொரு பெண் வந்தாள். இரண்டு விரலால் கொத்திக் கொத்தி அடிப்பவள். முதல் வெள்ளிக்கிழமையே பட்டியலில் அறுபத்து நாலு. பெரிய கிராணி பலகைக்கு முன்னால் நின்று என் தோளைத் தட்டினார்.

"பாத்தீரே? மிஷினிலை பிழையில்லை, ஆளிலைதான் பிழை. ஆளை மாத்தின உடனை எல்லாம் சரி."

நான் சிரித்தேன். அவர் சிரித்ததால் சிரித்தேன். நகைச்சுவைக்காரன் என்று பெயர் எடுத்தவனுக்கு அது ஒரு வசதி. எதற்குச் சிரிக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை.

மறுமாதம் ஒரு காலை வேலைக்கு வரும் வழியில் ஒரு சின்ன லோரி எதிரே வந்தது. பின்னால் ஓர் அலமாரி, சுருட்டிய பாய், அவற்றுக்கு நடுவில் நாற்காலியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் அப்பா. நான் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தி, சங்கிலியில் ஏதோ பிரச்சினை போலக் குனிந்துகொண்டேன். லோரி போய் வெகுநேரம் வரை சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

அவர்கள் கோலசிலாங்கூர் பக்கம் சித்தப்பா வீட்டில் இருப்பதாக ஸ்டோர் அக்கா சொன்னார். "ஒரே ரூம்பாம், ஏழு பேராம்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார். நான் ஏர்கோன் அறைக்குள் போய் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து ரவாங் போகும் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். என் மோட்டார் சைக்கிள் பட்டறையில் கிடந்தது, இல்லாவிட்டால் பார்த்திருக்கவே மாட்டேன். தொழிற்சாலைச் சட்டையில் இருந்தாள். பக்கத்து இருக்கை காலி. ஒளியவும் இடமில்லை, பஸ் என்பதால் குனிந்து பார்க்கச் சங்கிலியும் இல்லை.

"என்னா அண்ணே, ஸ்வெட்டர் இல்லாம?" என்றாள்.

உட்கார்ந்தேன். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நடக்கிறார் என்றாள். ரவாங்கில் ஒரு வீடு பார்த்திருக்கிறார்களாம், வாடகைக்கு.

சொல்லிவிட்டேன். கிளினிக் அட்டை, எட்டுக் கூறு, ரப்பர் டிஸ்க், இருபத்து மூன்று, நீலப் புத்தகம் எல்லாம். கறிக்கும் டோக்கனுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அந்த இடத்தில் எனக்கே தெரியாமல் கல்யாண வீட்டுக் குரல் வந்துவிட்டது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு டோக்கன் கீக்கன் தெரியாது அண்ணே" என்றாள். "ஆனா எண்டர் தட்டிட்டு செவுத்துக் கடிகாரத்தைப் பாத்து எண்ணுவேன். ஒரு சீட்டுக்கு ஆறு வரி. ஒவ்வொரு வரிக்கும் பதினோரு செகண்டு. சில நாளு பதினாலு. எல்லாத்தையும் நோட்டுல எழுதி வெச்சேன். அன்னைக்கு அந்த நோட்டத்தான் பெரிய கிராணிகிட்ட காட்டுனேன். அவரு படிச்சுப் பாத்துட்டு, இருக்கலாம், அவரையே கேட்டிடுவம்னாரு. அதுக்குத்தான் ஒங்கள கூப்பிட்டாரு."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அன்னைக்கு மிஷினு மெதுவாத்தான் போச்சு, தங்கச்சி. ஒன் மேல தப்பே இல்ல" என்றேன்.

அவள் மணியை அழுத்திவிட்டு எழுந்தாள்.

"மிஷினு மெதுவாப் போச்சு, சரி. ஒங்க வாய்க்கு என்னா ஆச்சு?"